மேலே நிற்பவரின் வேலை

அக்ரோபாட்டிக்ஸ் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி நின்றால், மேலே நிற்பவர் சமநிலை தேடக் கூடாது. அது கீழே நிற்பவருடைய வேலை. மேலே இருப்பவர் வலப்பக்கம் சாய்வதுபோல் உணர்ந்து இடப்பக்கம் உடம்பை வளைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வைத் தோளில் உணர்ந்த கீழே இருப்பவர் அதற்குள் காலை நகர்த்தியிருப்பார். ஒரே பிழைக்கு இரண்டு திருத்தம். இருவரும் விழுவார்கள். ஆகவே ஒருவர்தான் திருத்த வேண்டும். மற்றவர் நேராக, இறுக்கமாக நின்று, அவரைத் திருத்த விட வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவள் என் தம்பி மகள். அடிலெய்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே 1985இல் தொடங்கப்பட்ட சர்கிட்ஸ் என்ற சிறுவர் சர்க்கஸ் பள்ளிக்கு வாரந்தோறும் போய்க்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுக் கொல்லைப் புல்தரையில் தோழியின் தோளில் ஏறி நின்று காட்டினாள். நான் பதறிப்போய் அருகே ஓடினேன். அவள் அங்கிருந்தபடியே, “அத்தை, கீழ நிக்கறதவிட இதுதான் கஷ்டம். ஒண்ணும் பண்ணாம இருக்கணும்,” என்றாள். கீழே நின்ற பெண் அவளைவிட ஒன்றும் பெரியவள் அல்ல. ஆனால் முகத்தில் ஒரு தீவிரம். கண்களை எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியில் குத்தி வைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் எல்லோருமாகச் சர்க்கஸுக்குப் போனோம். மார்ச் மாதம். அடிலெய்டில் ஃப்ரிஞ்ச் விழா நடக்கும் பருவம். நகரின் கிழக்குப் பூங்காக்கள் முழுக்கக் கூடாரங்களும் விளக்குச் சரங்களுமாக இருக்கும். நாங்கள் பார்த்தது கிராவிட்டி அண்ட் அதர் மித்ஸ் என்ற குழுவின் ‘எ சிம்பிள் ஸ்பேஸ்’. 2009இல் அதே ஊரில் உருவான குழு. அதைத் தொடங்கியவர்களில் பலர் என் தம்பி மகள் போகும் பள்ளியில் பழகியவர்கள். 2013இல் முதன்முதலாக நடத்திய இந்த நிகழ்ச்சியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நாடு நாடாகச் சுற்றியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வருவதுபோல் வந்திருந்தார்கள்.

சர்க்கஸ் என்றதும் நம் மனத்தில் எழுவது ஜெமினி சர்க்கஸ்தான்: ஜிகினா உடை, பேண்டு வாத்தியம், கோமாளி, உயரத்தில் ஊசலாடும் பார். இங்கே அதெல்லாம் கிடையாது. தரையில் ஒரு விரிப்பு. ஓரமாகத் தாள வாத்தியங்களோடு ஒருவர். பனியனும் அரைக்கால் சட்டையும் போட்ட ஏழு இளைஞர்கள், ஆணும் பெண்ணுமாக. விரிப்பின் விளிம்பிலிருந்தே நாற்காலிகள் தொடங்கிவிடுகின்றன. அவர்கள் மூச்சு வாங்குவது நமக்குக் கேட்கும். வியர்வை தெறிப்பது தெரியும். எல்லாமே ஒரு விளையாட்டு மாதிரிதான் நடக்கிறது. யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று ஒரு போட்டி. ஒருவர் தலைகீழாக நின்றபடி ரூபிக் கனசதுரத்தின் வண்ணங்களைச் சேர்க்கிறார். கைகளில் நிற்பவர்களைக் கவிழ்க்கச் சொல்லிப் பிளாஸ்டிக் பந்துகளை நம் கையிலேயே கொடுக்கிறார்கள். கூடாரமே குழந்தைகளாகிப் போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் குறிபார்த்துக் குறிபார்த்து எறிந்தார்.

ஆனால் நான் பார்க்கக் காத்திருந்தது தோள்மேல் தோளாக அவர்கள் ஏறுவதைத்தான். தம்பி மகள் சொன்ன விதி மனத்தில் இருந்ததால், எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது நான் கீழே பார்த்தேன். தாங்கி நின்ற இளைஞனின் கால்விரல்கள் விரிப்பை விட்டுவிட்டுக் கவ்வின. கணுக்காலில் இடைவிடாத சின்னச் சின்ன அசைவு. அவன் மேலே பார்க்கவேயில்லை. தோளில் நிற்கும் பெண்ணின் கெண்டைக்கால்களைப் பின்புறமாகப் பிடித்திருந்தான். தூக்கிப் பிடிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தான். அவளுடைய பாரத்தைத் தன் தோளோடு இன்னும் நெருக்கமாகச் சேர்த்துக்கொண்டான். அவளோ கணுக்கால்களை அவன் பிடரிக்குப் பின்னால் ஒட்டவைத்து, முதுகை நிமிர்த்தி, தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொடைத் தசை முறுக்கேறித் தெரிந்தது. சும்மா நிற்கிறவர்களுக்குத் தசை அப்படி முறுக்கேறாது.

கொஞ்ச நேரம் கழித்து முறை மாறியது. தாங்கியவன் ஏறினான், ஏறியிருந்தவள் இன்னொருவனைத் தாங்கினாள். ஒரு பெண் ஆணைத் தோளில் நிறுத்துவது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆஸ்திரேலிய சர்க்கஸில் அதற்குப் பல பத்தாண்டுப் பழக்கம் இருக்கிறது. 1978இல் மெல்பர்னில் பிறந்த சர்க்கஸ் ஓஸ், பெண்களின் பலத்தை வெளிப்படையாகவே மேடையில் காட்டியது. 1983இல் சீனாவின் நாஞ்சிங் அக்ரோபாட்டிக் குழுவினர் ஆல்பரி–வொடோங்காவுக்கு வந்து அங்கிருந்த கலைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டாகச் செய்யும் வித்தைகள் அங்கே வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தாங்குவதற்குப் புஜபலம் மட்டும் போதாது. எலும்பின்மேல் எலும்பு நேர்க்கோட்டில் அமைந்தால் பாரம் தரைக்குப் போய்விடும். கோடு கோணினால்தான் தசை அதைச் சுமக்க வேண்டிவரும். அந்தக் கோட்டைக் காப்பது இருவர் பொறுப்பு.

அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என் அம்மாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவள் இன்றுவரை நிறுத்தவில்லை.

நம் ஊரில் வயதானவர்களிடம் கடவுளிடம் என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். “யாருக்கும் பாரமா இல்லாம, நடமாடிட்டு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்.” கை கால் விழாமல், படுக்கையில் கிடக்காமல், ஒருவர் கையை எதிர்பார்க்காமல் போய்விட வேண்டும். இந்த வேண்டுதலில் உள்ள மானம் எனக்குப் புரிகிறது. அதே சமயம் அது எனக்குப் பெரிய வருத்தத்தையும் தருகிறது. தாங்கப்படும் வாழ்க்கை வாழ்க்கையே அல்ல என்று அது சொல்லாமல் சொல்கிறது. பிறந்தபோது நம்மைத் தூக்கித்தான் வளர்த்தார்கள். நம்மில் பெரும்பாலோர் கடைசியில் சில மாதங்களாவது, சில வருடங்களாவது யாராவது தூக்கித்தான் வாழப்போகிறோம். கொடுக்கச் சொல்லித்தந்திருக்கிறார்கள், பகிரச் சொல்லித்தந்திருக்கிறார்கள், தாங்கவும் பொறுக்கவும், பெண் என்றால் கூடுதலாகவே, சொல்லித்தந்திருக்கிறார்கள். தாங்கப்படுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அது வரவே கூடாத நிலை என்று வேண்டிக்கொள்ள மட்டும் சொல்லித்தந்தார்கள்.

அம்மா கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டுக் கணக்கு, தோட்டம், உறவுக்காரர் கல்யாணத்துச் சீர் வரிசை எல்லாம் அவர் கையில். பக்கவாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதுதான் அன்றாடப் போராட்டம். நான் குனிந்து பிடிப்பதற்கு முன்பே, “இரு, நானே எழுந்துக்கறேன்,” என்று நல்ல கையால் என் கழுத்தை வளைத்துக்கொள்வார். அவர் இழுக்க, நான் நிமிர, இருவரும் கட்டில் ஓரத்தில் தடுமாறுவோம். வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிஸ்ட் சின்ன வயதுப் பையன். அவன் அம்மாவின் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, என் கையை எடுத்து அதில் வைத்தான். “பாட்டிம்மா, கழுத்தப் பிடிக்காதீங்க. நீங்க முன்னாடி சாயுங்க, அது போதும். மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும். அக்கா மூணு எண்ணுவாங்க, அதுக்கு முன்னாடி எழுந்திரிக்காதீங்க.” முன்னால் சாய்ந்தால் பாரம் பாதத்துக்கு வந்துவிடும்; பிறகு நிமிர்த்துவது சுலபம். அம்மாவுக்குச் சாய்வது சிரமமாக இல்லை. மூன்றுவரை காத்திருப்பதுதான் சிரமம்.

உடம்பைத் தூக்குவதைப் பழகிக்கொண்டோம். மனத்தில் நடந்தது வேறு. ஒவ்வொரு முறை குளிப்பாட்டும்போதும், துணி மாற்றும்போதும், அம்மா சொல்வார்: “உனக்கு எத்தனை கஷ்டம் குடுக்கறேன் பாரு.” நான் உடனே, “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்பேன். அவர் கண் கலங்கும். நான் தேற்றுவேன். துணி மாற்றும் வேலை ஐந்து நிமிடம். தேற்றும் வேலை அதைவிட நீளம். அவர் அன்பினால்தான் அப்படிச் சொன்னார். ஆனாலும் அந்தச் சொற்களும் என் கழுத்தை வளைத்த அந்தக் கையைப் போன்றவைதான் என்று இன்று நினைக்கிறேன். என் சுமையைக் குறைக்க நினைத்து அவர் மனம் ஒரு பக்கம் வளைந்தது. அதை நேராக்க நான் இன்னொரு பக்கம் வளைந்தேன். ஒரே பாரத்தை இருவரும் திருத்திக்கொண்டிருந்தோம்.

கடைசி வருடத்தில் அம்மா மாறினார். எப்போது, எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டு, வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தார். “தண்ணி ரொம்பச் சூடு.” “இடப்பக்கம் தலகாணி வை.” “இப்ப வேண்டாம், கொஞ்ச நேரம் கழிச்சு வா.” “இன்னிக்கு உன் கை நடுங்குது, வேற யாரையாவது கூப்பிடு.” யாராவது கேட்டால் அதிகாரம் செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் சரிகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குத் தக்கபடி நான் நகர முடிந்தது. அடிலெய்டில் அந்தப் பெண்ணின் முறுக்கேறிய தொடைத் தசையைப் பார்த்தபோதுதான் அம்மா அந்த வருடம் செய்தது என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது.

ஏனென்றால் ஒன்றும் பண்ணாமல் இருப்பது என்றால் துவண்டு கிடப்பது அல்ல. தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், விழித்திருந்ததைவிட இரண்டு மடங்கு கனப்பதுபோல் இருக்கும். எடை கூடவில்லை, உடம்பு தன்னைத் தாங்குவதை விட்டுவிட்டது. மேலே நிற்பவர் துவண்டால் கீழே நிற்பவரால் எதையும் திருத்த முடியாது. மேலே நிற்பவர் பதறிப் பிடித்தாலும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது அந்த வேலை: தன் முதுகைத் தானே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நிலையைப் பிறர் கையில் விடுவது. ‘எல்லாம் உங்க இஷ்டம், என்னைக் கேக்காதீங்க’ என்று ஒதுங்கிவிடும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொந்தரவு தரக் கூடாது என்றுதான் அப்படி இருக்கிறார்கள். அதுவும் ஒருவகையில் துவண்டுவிடுவதுதான். வீட்டில் உள்ளவர்கள் அவர் மனத்தையும் சேர்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சர்க்கஸைப் பார்த்து நம்பிக்கையைப் பற்றி யோசித்தவர்கள் பலர். டச்சுப் பாதிரியாரும் எழுத்தாளருமான ஹென்றி நௌவென் 1991இல் ஜெர்மனியில் ஃப்ளையிங் ராட்லீஸ் என்ற தென்னாப்பிரிக்க ட்ரபீஸ் குழுவைப் பார்த்து மயங்கி, அவர்களோடு பயணமே செய்தார். பறப்பவர் பிடிப்பவரின் கையைத் தேடிப் பிடிக்கக் கூடாது, கையை நீட்டினால் போதும் என்று அவர்கள் சொன்னதை அவர் இறப்போடு சேர்த்துப் பார்த்தார்: கடவுள் பிடித்துக்கொள்வார், நாம் கையை நீட்டினால் போதும். எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. ஆனால் என் கேள்வி அந்தக் கடைசி நொடி பற்றியது அல்ல, அதற்கு முன்னால் நீளும் வருடங்கள் பற்றியது. அங்கே பிடிப்பவர் கடவுள் அல்ல. தூக்கம் போதாத மகள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட மகன். மாதச் சம்பளத்துக்கு வந்து நிற்கும், தன் வீட்டில் தன் அம்மாவை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கும் ஒரு பெண். இவர்கள் கை தவறக் கூடும்.

தவறியும் இருக்கிறது. 1962 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வாலண்டா குடும்பத்தினர் கம்பியின்மேல் ஏழு பேர் பிரமிடு அமைத்து நடந்தபோது, அடி வரிசையில் முன்னால் நின்ற டீட்டர் ஷெப்பின் கையிலிருந்து சமநிலைக் கழி நழுவியது. கீழே வலை கிடையாது. அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். மூன்றாமவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உச்சியில் இருந்த பெண்ணை, கம்பியில் விழுந்து தொற்றிக்கொண்ட கார்ல் வாலண்டா இறுகப் பிடித்திருந்தார், அவள் பிழைத்தாள். டீட்டர் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அடியில் ஒருவர் தளர்ந்தால் நிகழ்வது இது, அவ்வளவுதான்.

நம் வீடுகளை எண்ணும்போது எனக்குக் கோபமே வருகிறது. ‘எ சிம்பிள் ஸ்பேஸில்’ யாரும் மாலை முழுக்கத் தாங்கிக்கொண்டே இருக்கவில்லை. முறை மாற்றினார்கள். ஏறுபவர், தாங்குபவர் தவிர மூன்றாவதாக ஒருவர் இரண்டு கையையும் ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டு அருகே நின்றார், விழுந்தால் பிடிக்க. ஸ்பாட்டர் என்கிறார்கள். பயிற்சியில் மேலே இருப்பவரோ கீழே இருப்பவரோ ‘டவுன்’ என்று சொன்னால் அந்த நொடியில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஏன் என்று கேட்பது அப்புறம். நம் வீடுகளில் ஒரே ஒருத்தி பத்து வருடம் அடியில் நிற்கிறாள். பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் கல்யாணமாகாத மகள். அருகே கை ஏந்தி நிற்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருபவர்கள் உண்டு. அவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவள் ‘என்னால முடியல’ என்று சொன்னால் அது இறங்குவதற்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை, குணக்கேடாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பாரமாக இருந்துவிடக் கூடாது என்று முதியவர்கள் அஞ்சுவதற்கு, அவர்கள் கண் முன்னால் ஒருத்தி இப்படி நசுங்குவதும் ஒரு காரணம். தாங்குவதைப் பலருக்குப் பங்கு போட்டால் அந்த அச்சத்தில் பாதி போய்விடும் என்று நம்புகிறேன்.

மீதிப் பாதி பழக்கத்தால் போகக் கூடியது. மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் 1991இல் விமன்ஸ் சர்க்கஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்காக டோனா ஜாக்சன் உருவாக்கியது. தன் உடம்பை இன்னொருவர் தொடுவதையே பொறுக்க முடியாத நிலையில் இருந்தவர்கள் அங்கே ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கப் பழகினார்கள். முதலில் நம்பிக்கை வரட்டும், பிறகு ஏறலாம் என்று காத்திருந்தால் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். அக்ரோபாட்டிக்ஸில் முதலில் மண்டியிட்டிருப்பவரின் முதுகில் ஏறிப் பழகுகிறார்கள், பிறகு தொடையில், கடைசியில்தான் தோள். தாழ்ந்த உயரத்தில் பல முறை பாரத்தைக் கொடுத்துப் பார்த்துத்தான் நம்பிக்கை உருவாகிறது. நாமோ முதல்முறையாக இன்னொருவர்மேல் சாய்வதைப் பக்கவாதம் வரும் நாள்வரை தள்ளிப்போடுகிறோம். எடுத்த எடுப்பில் தோளின் உயரம்.

அறுபதை நெருங்கும் என் வலது முழங்காலை மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய நானாக இருந்தால், “நான் பாத்துக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க,” என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை சாப்பாட்டு மேஜையில் மூவரும் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு என்னென்ன தேவைப்படும் என்று நான்தான் சொன்னேன்: வாக்கர் பிடித்து நடக்கும்போது பக்கத்தில் ஆள், குளிக்க உதவி, ஐஸ் ஒத்தடம், இரவில் பாத்ரூமுக்குத் துணை. இரவு மகனுடையது என்றேன். அவன் கொஞ்சம் திகைத்துவிட்டு, “சரிம்மா,” என்றான். மருமகள், “செவ்வாய்க்கிழமை மட்டும் என்னால முடியாது அத்தை, அன்னைக்கு ஆபீஸ் போயே ஆகணும்,” என்றாள். அவள் அதை இவ்வளவு தெளிவாகச் சொன்னது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தெம்பாக இருந்தது. செவ்வாய்க்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைப்பது என்று முடிவானது. அந்தப் பெண்ணுக்கும் வாரத்தில் எத்தனை வீடு, எப்போது ஓய்வு என்று கேட்டுத்தான் நேரம் குறித்தோம். மகனுக்கு என்னை எப்படிப் பிடிப்பது என்று இன்னும் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே இருவரும் சேர்ந்து போய்ப் பழகிக்கொண்டு வர, வரும் வியாழக்கிழமைக்குப் பிசியோதெரபிஸ்டிடம் நேரம் வாங்கியிருக்கிறான்.